அரங்கசாமி வண்டிக்குப் பின்னால்

நாலாவது தடவையும் எலுமிச்சம்பழம் தப்பித்துவிட்டது.

லாரியின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி அது மஞ்சளாக, உருண்டையாக, எந்தக் கவலையும் இல்லாமல் கிடந்தது. ஞானாபரணம் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். லாரி ஒரு குதி குதித்தது. இன்ஜின் இருமிவிட்டு நின்றுபோனது. கற்பூரத் தட்டோடு நின்ற முதலாளியம்மா நாச்சியம்மாள் இன்னொரு கட்டியைப் போட்டுத் தட்டை அணையாமல் காப்பாற்றினார்.

"அவசரமே இல்லீங்க. மெல்லமாவே நசுக்குங்க," என்றார்.

கோவை கணபதியில் இருந்த அந்த லாரி சர்வீஸில் இது வழக்கம். புது டிரைவர் முதல் நாள் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். விடிந்ததும் புலியகுளம் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்த ஞானாபரணத்துக்கு எலுமிச்சம்பழத்தோடு எந்தச் சண்டையும் கிடையாது. அவருடைய சண்டையெல்லாம் கிளட்சோடுதான்.

லாரி ஓட்டத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. வேலை பார்த்த மில்லை இழுத்து மூடியதும் மனம் தளராமல் ஹெவி லைசென்ஸ் எடுத்தவர். மைதானத்தில் அவர் எட்டுப் போட்டதைப் பார்த்து இன்ஸ்பெக்டரே தலையாட்டினார். ஆனால் மைதானத்தில் எதிரே பஸ் வராது, பின்னால் சுவர் இருக்காது. ரோட்டுக்கு வந்தால் மனிதருக்குக் கை வியர்க்கும், கால் தந்தியடிக்கும். வழி கேட்க வெட்கம், ரிவர்ஸ் எடுக்க நடுக்கம். இதற்கு முன் இரண்டு லாரி ஆபீஸில் சேர்ந்து, இரண்டிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவர்.

காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது மனைவி கிருபாவதி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"இன்னைக்கும் சாவியக் குடுத்துப்போட்டு வாரதா இருந்தா நேரா துடியலூருக்கே போயிருங்க. மெல்வின் ஸ்டூலத் தொடச்சு வெச்சிருக்கான்."

மெல்வின் அவளுடைய தம்பி. துடியலூரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "இது எங்க மச்சானுக்குங்க. லாரி ஒத்துவரலீன்னா இங்கதான் வரோணும்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தவிட்டு மூட்டைக்குச் சீட்டு எழுதிக்கொண்டே அவனுடைய இரக்கத்தையும் தின்று காலம் தள்ளுவதை ஞானாபரணத்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இப்போதும் அந்த ஸ்டூல் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த வேகத்தில் காலை எடுத்தார். பழம் சத்தமே இல்லாமல் நசுங்கிப்போனது.

நாச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி நஞ்சுண்டன் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"நூல் மூட்டைங்க. நம்ம பல்லடம் குடோன்ல எறக்கிப்போட்டு வந்தாப் போதும். கேட்டுக்கு வெளிய அதே லோடோட இன்னொரு வண்டி நிக்குது பாருங்க, அதுல யாரு போறா தெரியுங்களா?"

"தெரியலீங்களே."

"அரங்கசாமி."

பெயரைச் சொல்லும்போதே முதலாளியின் குரல் கோயிலுக்குள் பேசுகிற குரலாக மாறிவிட்டது.

"கல்கத்தாவுக்கு லோடு அடிச்சவருங்க. ஊட்டி மலையில, கொண்டை ஊசி வளைவுல, ஒத்தக் கையில டீ டம்ளரப் புடிச்சுக்கிட்டு ரிவர்ஸ் எடுத்தாரு. டீ சிந்தல."

"சிந்தவே இல்லீங்களா?"

"ஒரு சொட்டுச் சிந்தல. நீங்க அவரு பின்னாலயே போங்க, வேற ஒண்ணும் வேண்டாம். ஆனா வேலைல இருக்கறப்ப அவருகிட்டப் பேச்சுக் குடுத்துப்போடாதீங்க. புடிக்காது. அவரு கண்ணாடியிலயே உங்களப் பாத்துக்குவாரு."

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கிளீனர் ஊருக்குப் போயிருந்ததால் ஞானாபரணம் தனியாகத்தான் கிளம்பினார். தனி என்றும் சொல்ல முடியாது. முன்னால் அரங்கசாமி இருந்தார். அவருடைய முகம் தெரியவில்லை. வலது பக்க ஜன்னலில் ஒரு முழங்கையும், தலையில் கட்டிய நீலத் துண்டின் நுனியும்தான் தெரிந்தன. அந்த முழங்கையைப் பார்த்ததுமே ஞானாபரணத்துக்குப் பாதி பயம் போய்விட்டது.

அரங்கசாமி வண்டி ஓட்டுகிற அழகே தனியாக இருந்தது. சத்தி ரோட்டில் ஆள் நடக்கிற வேகத்தில் போனார். காந்திபுரத்தில் அதைவிட மெதுவாகப் போனார். பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று இரண்டு லாரிகளையும் முந்தியது. முந்திய பிறகு அதை ஓட்டியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டும் போனார்.

"பாருய்யா நிதானத்தை," என்று ஞானாபரணம் வியந்தார். கற்றுக்குட்டிகள்தான் பறப்பார்கள். கல்கத்தா பார்த்தவருக்குப் பறக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

ராமநாதபுரம் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே ஒரு வெள்ளாடு ரோட்டின் நடுவில் வந்து நின்று ஞானாபரணத்தையே உற்றுப் பார்த்தது. அவர் கை பதறி ஹாரனில் விழுந்தது. ஆடு நகரவில்லை. ஆனால் முன்னால் போன அரங்கசாமி சட்டென்று பிரேக் போட்டார், கொஞ்சம் யோசித்தார், இடது பக்கம் இருந்த ஒரு தெருவுக்குள் திரும்பிவிட்டார்.

குறுக்கு வழியாக இருக்கும் என்று ஞானாபரணமும் ஆட்டைச் சுற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே திரும்பினார். தெருவின் இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள். போகப் போகப் பட்டறைகள் குறைந்து வீடுகள் வந்தன. வீடுகள் நெருங்கி வந்தன. கொடியில் காய்ந்த ஒரு பாவாடை அவருடைய கண்ணாடியில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. கடைசியில் பம்புசெட் விளம்பரம் எழுதிய ஒரு சுவர் வந்து, தெரு அதோடு முடிந்துபோனது.

அரங்கசாமியின் முழங்கை உள்ளே போய்க் கை வெளியே வந்தது. பின்னால் போ, பின்னால் போ என்று ஆட்டியது.

ஞானாபரணம் பின்னால் திரும்பிப் பார்த்தார். ரிவர்ஸ். அதுவும் சந்தில். சோதிக்கிறார் என்று நினைத்தார். பெரிய மனுஷன் வேண்டுமென்றே சந்துக்குள் கொண்டுவந்து விட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாவியை இங்கேயே வைத்துவிட்டு இறங்கி நடந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நடந்தால் துடியலூர் வரும்.

குழாயடியில் நின்ற பெண்கள் அதற்குள் வண்டியை வெளியே எடுக்கும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருத்தி பாவாடையை மீட்டாள். இன்னொருத்தி இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

"வாங்க, வாங்க, வாங்க. அக்கட்டால ஒடிங்க. இன்னுங் கொஞ்சம் ஒடிங்க. நேரா உட்டு வாங்க."

ஞானாபரணம் ஒடித்தார், விட்டார், வந்தார். நடுவில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. இறக்கி வைத்த குடம் தட்டையாகப் போயிருந்தது.

"ஐயோ, மன்னிச்சுப்போடுங்க," என்றார் ஜன்னல் வழியாக.

"பரவால்லீங்க, அது ஓட்டக் கொடந்தான். நீங்க வாங்க," என்றாள் அவள்.

ரிவர்ஸ் எடுத்திருக்கிறோம் என்பதே மெயின் ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் அவர் மண்டையில் ஏறியது. ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தார். சிரிப்பு வந்தது.

அரங்கசாமி வெளியே வர வெகுநேரம் பிடித்தது. கொஞ்சம் பின்னால் வருவார், நிற்பார், முன்னால் போவார், மறுபடி பின்னால் வருவார். குழாயடிப் பெண்கள் முதலில் கை தட்டினார்கள், பிறகு கத்தினார்கள், பிறகு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள். இப்படி அங்குலம் அங்குலமாக எடுத்தால் டீ எப்படிச் சிந்தும் என்று ஞானாபரணத்துக்கு அப்போது புரிந்தது.

ஆனால் இப்போது புதிதாக ஒரு சிக்கல். பின்னால் போனவர் முதலில் வெளியே வந்துவிட்டதால் ஞானாபரணம் முன்னால் இருந்தார், அரங்கசாமி பின்னால். அவருக்கு முன்னால் வண்டியை எடுப்பது மரியாதையா? ஓரமாக ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, "நீங்க போங்க" என்று காட்டினார். அரங்கசாமியின் முன்கண்ணாடியில் வெயில் அடித்து ஆள் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே வந்து, "இல்லீங்க, நீங்க போங்க" என்றது.

என்ன பெருந்தன்மை. ஞானாபரணம் இரண்டு கையையும் கூப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினார். அங்கிருந்தும் இரண்டு கை கூப்பி வெளியே வந்தது. இரண்டு லாரிக்கும் பின்னால் ஒரு டவுன் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி, அதற்குப் பின்னால் திருச்சி ரோடு முழுவதும் நின்றது. பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, சம்பந்தம் பேசறதா இருந்தா ஊட்டுல உக்காந்து பேசிக்கோங்க. சனம் வேலைக்குப் போகோணும்."

அரங்கசாமிதான் கடைசியில் வண்டியை எடுத்தார். பெரியவருக்கு ஹாரன் பிடிக்கவில்லை போலிருக்கிறது, இனி உயிர் போனாலும் அதைத் தொடுவதில்லை என்று ஞானாபரணம் முடிவு செய்துகொண்டார். சிங்காநல்லூரில் முன்கண்ணாடியில் தூசி படிந்தது. வைப்பரைப் போடலாம் என்று எதையோ திருகினார். பட்டப்பகலில் ஹெட்லைட் எரிந்து அணைந்தது. அரங்கசாமி உடனே ஒரு டீக்கடை வாசலில் ஓரங்கட்டினார். ஞானாபரணமும் பின்னால் ஓரங்கட்டினார். இறங்கலாமா, கூடாதா என்று அவர் குழம்பிக்கொண்டிருக்கும்போது டீக்கடைக்காரர் பஷீர் ஒரு டீயும் பன்னும் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார்.

"முன் வண்டிக்காரரு குடுக்கச் சொன்னாருங்க. பேச்சுக் குடுத்துத் தொந்தரவு பண்ணிப்போட வேண்டாம்னும் சொன்னாரு."

"தெரியுமுங்க. அவருக்குப் புடிக்காது," என்றார் ஞானாபரணம் பயபக்தியோடு.

பஷீர் இரண்டு லாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஞானாபரணம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குடத்தை நசுக்கியவனுக்கு டீ வாங்கித் தர எத்தனை பேருக்கு மனசு வரும்? பன் அன்றைக்கு ரொம்ப மெத்தென்று இருந்தது.

சூலூரில்தான் விஷயம் முற்றியது. ஒரு பஸ் குறுக்கே பாய, ஞானாபரணம் தன் சத்தியத்தை மறந்து ஹாரனை அழுத்திவிட்டார். முன்னால் போன அரங்கசாமி மறுபேச்சில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பினார். வேறு வழியில்லாமல் ஞானாபரணமும் திரும்பினார். நூல் மூட்டை ஏற்றிய இரண்டு லாரிகள் வரிசையாக உள்ளே வருவதைப் பார்த்து டைம் கீப்பர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பழக்க தோஷத்தில், பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி, நாலைந்து பேர் வண்டிகளைத் தொட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள்.

கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மாள் இடது பக்கக் கதவைத் திறந்தாள்.

"பல்லடம் போகுங்களா?"

"போகோணுமுங்க," என்றார் ஞானாபரணம்.

அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். காளியாத்தாள் என்று பெயர் சொன்னாள். வாரம் தவறாமல் பல்லடம் சந்தைக்குப் போகிறவள். அரங்கசாமி பஸ் ஸ்டாண்டின் மறுபக்கம் வெளியேறி ஏதோ ஒரு ரோட்டைப் பிடித்தார். கொஞ்ச தூரம் போனதும் காளியாத்தாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது கலங்கல் ஊருக்குப் போற ரோடாச்சுங்களே."

"இருக்காதுங்க. முன்னால போறது அரங்கசாமி."

"யாரு போனாலும் கலங்கல் ரோடு கலங்கலுக்குத்தானுங்க போகும்."

ஞானாபரணம் முன் வண்டியைப் பார்த்தார். கல்கத்தாவுக்கு வழி தெரிந்தவருக்குப் பல்லடத்துக்கு வழி தெரியாமலா போகும்? ஆனால் இந்த அம்மாள் வாராவாரம் போகிறவள். பெரியவரைத் திருத்தினால் கோபித்துக்கொள்வார். திருத்தாவிட்டால் நூல் மூட்டை கலங்கலுக்குப் போகும், சாவி முதலாளிக்குப் போகும், ஞானாபரணம் ஸ்டூலுக்குப் போவார். அந்தோணியாரை நினைத்துக்கொண்டு ஹாரனை நீளமாக, வேண்டுமென்றே, கை எடுக்காமல் அழுத்தினார்.

அரங்கசாமி அப்படியே நின்றார்.

பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பாதை பிரிந்தது. ஞானாபரணம் யாரும் கை தட்டாமலேயே வண்டியைப் பின்னால் ஒடித்து அதற்குள் விட்டு, முன்னால் எடுத்துத் திருப்பிவிட்டார். கையை வெளியே நீட்டி, என் பின்னாலேயே வாங்க என்று காட்டினார். காட்டிய பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கண்ணாடியில் பார்த்தால், அந்த மாபெரும் மனிதர் அங்குலம் அங்குலமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ரோடு அவருடையதாக இருந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் கோழிப்பண்ணையும் ஓடின. விசைத்தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாலாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஒரு டிராக்டரை முந்தினார், எதிரே வந்த பஸ்ஸுக்கு அளந்த மாதிரி வழி விட்டார். கை வியர்க்கவில்லை என்பதை ஒருமுறை தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மில் மூடிய நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

"எத்தன வருசமா ஓட்டறீங்க?" என்று காளியாத்தாள் கேட்டாள்.

"காலைல இருந்துங்க."

அவள் கத்தரிக்காய்க் கூடையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு நல்லாத்தான் ஓட்டறீங்க," என்றாள்.

சந்தை முக்கில் அவள் இறங்கிக்கொண்டாள். இறங்கும்போது ஒரு கை கத்தரிக்காயை இருக்கையில் வைத்துவிட்டு, குடோனுக்கும் வழி சொல்லிவிட்டுப் போனாள்.

குடோனில் லாரியைப் பின்பக்கமாகத்தான் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். காக்கிச் சட்டை போட்ட வயதான வாட்ச்மேன் ஒருவர் கேட்டைத் திறந்துவிட்டார். லாரி உள்ளே நுழைந்ததும் விறுவிறுவென்று படியேறி, மேடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரு கையில் டீ டம்ளர். மறு கையைத் தூணுக்கு வெளியே நீட்டி, "வரட்டும், வரட்டும்" என்றார். தலை தூணுக்குப் பின்னாலேயே இருந்தது. ஞானாபரணத்துக்கு அந்தக் கையும் தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் கொண்டுவந்து மேடையைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினார்.

இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஸ்டூலை விறகுக்குப் போடச் சொல்லி மெல்வினிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கடமை இருந்தது. பெரியவரை முந்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கத்தரிக்காயைத் துண்டில் முடிந்து, காணிக்கையாக எடுத்துக்கொண்டார்.

பின்னால் வந்த லாரி மேடையை விட்டு ரொம்ப தூரம் தள்ளி, கோணலாக நின்றது. கதவு திறந்தது. இப்போதுதான் மீசை அரும்பியது போன்ற ஒரு ஆள் குதித்து, தலையில் கட்டிய நீலத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். ஞானாபரணம் அவனைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே வேறு யாரும் இல்லை.

"அரங்கசாமி அண்ணா, என்னைய மன்னிச்சுப்போடுங்க," என்று அவன் அவர் காலில் விழப் போனான்.

"நான் அரங்கசாமி இல்லீங்க. நீங்கதானே அரங்கசாமி?"

"எம் பேரு யூனுஸுங்க. இன்னைக்குத்தான் மொத நாள். பின்னால அரங்கசாமி வர்றாரு, வழி தப்பினா ஹாரன் அடிச்சுச் சொல்லுவாரு, பேச்சு மட்டும் குடுத்துப்போடாதன்னு மொதலாளி சொன்னாருங்க. நீங்க ஹாரன் அடிச்ச எடத்துலயெல்லாம் திரும்பினேன். லைட்டுப் போட்டதும் டீ கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"சந்துக்குள்ள திரும்பினது?"

"நீங்கதானுங்க ஹாரன் அடிச்சீங்க."

"அது ஆட்டுக்கு அடிச்சதுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யூனுஸ் சிரித்தான். ஞானாபரணம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, துண்டில் முடிந்த கத்தரிக்காயை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பயம் போனது போனதுதான். அதை யாரை நம்பிப் போக்கிக்கொண்டோம் என்பதுதான் தெரியவில்லை.

"அப்ப ஊட்டி மலையில டீ சிந்தாம ரிவர்ஸ் எடுத்த அரங்கசாமி யாருங்க?" என்றார் ஞானாபரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தூணுக்குப் பின்னாலிருந்து வாட்ச்மேன் மெல்ல எட்டிப் பார்த்தார். இரண்டு வண்டியும் இன்ஜின் அணைந்துதான் நிற்கின்றன என்று உறுதி செய்துகொண்டு, படியிறங்கி வந்தார். டம்ளரில் இருந்த டீ முழுக்க அவர் சட்டையில் இருந்தது.

"கூப்பிட்டீங்களா? நாந்தானுங்க அரங்கசாமி. மொத நாளு எலுமிச்சம்பழத்தக்கூட நசுக்க முடியாம சாவியக் குடுத்துப்போட்டேன், மொதலாளிதான் பாவம் பாத்து இந்த வாட்ச்மேன் வேலையக் குடுத்தாருங்க."